எல்லோரும் ரயிலில் இருக்கிறார்கள்

கம்ப்யூட்டர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கவயல் பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலர் போன ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து, "மேடம், கரியர்ல வளர்றது எப்டின்னு எதுனா எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டு யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றும் தெரியாது. நான் வளர்ந்ததாக மற்றவர்கள் சொல்கிறார்கள். என் பார்வைக்குத் தெரிந்ததெல்லாம் முடி நரைத்ததும் மூக்குக்கண்ணாடி தடித்ததும்தான். ரிட்டயர் ஆன அன்று ஒரு சால்வை போர்த்தினார்கள். அது கொஞ்சம் அரிக்கும்.

நான் டீம் லீடு ஆன கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். இதில் வளர்ச்சி எங்கே வருகிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி பெங்களூரில், ஒயிட்ஃபீல்ட் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்கிற தூரத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு சாஃப்ட்வேர் செய்தோம். காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுக்கிறீர்களே, அந்தக் குப்பிக்கு ஒரு நம்பர் கொடுப்பது, ரிசல்ட்டை அந்த நம்பரோடு சேர்த்து டாக்டருக்கு அனுப்புவது, எல்லாம் அதன் வேலை. அது நின்று போனால் ஓட வைப்பது எங்கள் சப்போர்ட் டீமின் வேலை.

டீமில் எல்லோரும் நம் ஊர்தான், தினமும் ரயிலில் போய்வருகிறவர்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒருவன் உள்ளே போனால் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனை இழுத்துக்கொள்வான். இன்டர்வியூவுக்குத் தயார் செய்வதும் ரயிலில்தான். பங்காரப்பேட்டையில் கேள்வி கேட்க ஆரம்பித்தால், ஒயிட்ஃபீல்ட் வருவதற்குள் பயலுக்கு பதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவுக்கும் தெரியும். தினகரன் என்கிற தினாவை அப்படி உள்ளே இழுத்தவள் நான். கெட்டிக்காரன். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

நம் ஊர் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு கேஜ் என்று பெயர். சுரங்கம் மூடின பிறகு எங்கள் ஆட்கள் அந்தப் பெயரைக் கொண்டுபோய் ரயில் பெட்டிக்கு வைத்துவிட்டார்கள். "கேஜ்ல எடம் புடிச்சி வையி" என்றால் வழக்கமான பெட்டியில் கர்சீப் போட்டு வை என்று அர்த்தம். ஜன்னலோரம் எப்போதும் எங்கள் மேனேஜர் சாருக்கு. அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர். ஆபீஸில் அவருக்குக் கண்ணாடி போட்ட தனி அறை இருந்தது. அதில் டிபன் பாக்ஸ் வைப்பார். மேனேஜர் வேலையை அவர் பார்த்ததெல்லாம் ஜன்னலோர சீட்டில்தான். யார் எந்த லேபுக்குப் போவது, தீபாவளிக்கு யாருக்கு லீவு, புதிதாக வந்தவன் தேறுவானா மாட்டானா, எல்லாம் அங்கே பேசி அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆபீஸுக்குள் வரும்போது பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. நேரே வேலை. ரொம்ப வேகமான டீம் என்று முதலாளி எங்களைப் பாராட்டுவார்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் ரயிலில் இருந்தேன் அல்லவா?

பிறகு கல்யாணமாகி பெங்களூரிலேயே கே.ஆர்.புரத்தில் வாடகை வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து நான் பஸ். நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் "பெங்களூர் அம்மா வந்துட்டாங்கப்பா" என்பார்கள். சிரிப்பேன். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு விஷயமும் தெரியாமல் போனது. என்னை லேபுக்கு அனுப்பும் முடிவு எனக்கு லேபிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரியும். என் பிறந்தநாளுக்கு என்ன கேக் என்பதைக்கூட ரயிலில் முடிவு செய்து பைனாப்பிள் வாங்கி வந்தார்கள். எனக்கு பைனாப்பிள் ஆகாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தருக்கும் என்மேல் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தாலாவது சண்டை போடலாம்.

அப்போது எங்கள் பழைய லீடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடம் காலி. எனக்கு அது வேண்டும். சும்மா கிடைத்தால் பரவாயில்லை என்கிற மாதிரி இல்லை, சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். டீமில் எனக்கு சீனியர் யாரும் இல்லை. ஆனால் நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. நன்றாக வேலை செய்தால் தானாகக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கண்டுபிடித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை. நான் ஆபீஸில் தனியாக இருந்தேன். ரயில்காரர்கள் இன்னும் வரவில்லை. லேபுகளில் கூட்டம் நிரம்பி வழிகிற நேரம். சாஃப்ட்வேர் நின்றுவிட்டது.

சரி, உள்ளே போய்ப் பார்ப்போம் என்று பாஸ்வேர்டு போட்டேன். தப்பு என்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் தப்பு. அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய நாள் முந்தின நாள். சார் மாற்றிவிட்டு, வழக்கம்போல சாயங்கால ரயிலில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பாஸ்வேர்டை எங்கும் எழுதக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி. விதிப்படி வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். என் காது மட்டும் கே.ஆர்.புரத்தில் இருந்தது.

சாருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்தவருக்குப் போட்டேன். அவரும் வெளியே. வரிசையாக மொத்த டீமும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

லேபுகளின் பெரிய அதிகாரி கூப்பிட்டார். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். "பேகா, மேடம், பேகா" என்றார். சீக்கிரம் என்கிறார். "ராத்திரி எடுத்த பழைய காப்பி இருக்கில்ல? அதைப் போடுங்க. போன ஞாயித்துக்கிழமை உங்க தினகரன் அதைத்தானே போட்டார்? உடனே ஓடிச்சே!"

இந்தப் பழைய காப்பி என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி மொத்தத் தகவலையும் ஒரு நகல் எடுத்து வைத்திருப்போம். அதைத் திரும்பப் போட எனக்கு அந்தப் பாஸ்வேர்டு தேவையில்லை, ஒரு பட்டன்தான். போட்டால் எல்லா ஸ்கிரீனும் உயிர் பெற்றுவிடும். ஆனால் சாஃப்ட்வேர் நேற்று ராத்திரிக்குப் போய்விடும். இன்று காலையில் வந்தவர்கள் யாரையும் அதற்குத் தெரியாது. நம்பரை நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கொடுக்க ஆரம்பிக்கும். காலையில் ஒரு சர்க்கரை நோயாளியின் குப்பியில் ஒட்டின அதே நம்பர், இப்போது உள்ளே வரும் கர்ப்பிணிப் பெண்ணின் குப்பியிலும் ஒட்டும். அப்புறம் யார் ரத்தத்தின் ரிசல்ட் யார் பெயரில் போகும் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேபுகள் மூடியிருந்தன, அதனால் தினா தப்பித்தான்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. தினாதான். ஒரே இரைச்சல்.

"அக்கா, டேக்கல் ஸ்டேஷன் தாண்டி வண்டி நின்னுகினு கீதுக்கா. காத்துல தைலமரம் சாஞ்சி ஒயருமேல வுழுந்துட்ச்சு. எல்லாரும் இங்கதான் கீறோம். சிக்னலுக்காக நான் மட்டும் எறங்கி வந்தேன். மெசேஜ் பாத்தேன், சிஸ்டம் நின்னுட்ச்சா?"

"நின்னுட்ச்சு. பாஸ்வேர்டு இன்னாடா?"

"சார் வாயால சொன்னார்க்கா, எனுக்கு பாதிதான் ஞாபகம் கீது. அது வோணாம், நீங்க பழைய காப்பிய போட்டுடுங்க. நான் போட்டேன்ல, ஒன்னியும் ஆவாது."

"நம்பர் இன்னாடா ஆவும்? காலைல ஒட்டுன குப்பிங்க இன்னா ஆவும்?"

"ஹலோ? ஹலோ? அக்கா? ஹலோ?"

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது.

நான் அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், என் மனம் கணக்குப் போட்டது. பட்டனை அழுத்தினால் பெரிய அதிகாரி குளிர்ந்துபோவார். லீடு பதவி காலியாக இருக்கிற வாரத்தில், தனியாளாகச் சமாளித்தாள் என்று பெயர் வரும். ஏடாகூடமாக ஏதாவது ஆனால், தினா சொன்னான், போட்டேன் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் எனக்கு ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் குப்பிக்காரர்களுக்கு.

பெரிய அதிகாரியை நானே கூப்பிட்டேன்.

"சார், என்னால உள்ள போக முடியல. புது பாஸ்வேர்டு என்கிட்ட இல்ல. எப்ப சரியாவும்னு எனக்குத் தெரியாது. பழைய காப்பிய நான் போட மாட்டேன்."

நாலு தெரியாது, முடியாதுகளை ஒரே மூச்சில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிடமிருந்து அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"மத்தவங்க கிட்ட."

"அவங்க எங்க?"

"எல்லாரும் ரயில்ல இருக்காங்க சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அவர் கன்னடத்துக்குப் போனார். அதை இங்கே எழுதவில்லை. அவர் முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, நம்பர் ஒட்டுவதை நிறுத்தச் சொன்னேன். குப்பிமேல் பேனாவால் ஆளின் பெயரையும் வயதையும் எழுதுங்கள், அவசர கேஸ் மட்டும் மெஷின் ஸ்கிரீனில் தெரிகிற ரிசல்ட்டைப் பார்த்து டாக்டருக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள், மற்றவர்களை சாயங்காலம் வரச் சொல்லுங்கள் என்றேன். உங்கள் முதலாளியிடம் புகார் செய்வேன் என்றார். செய்யுங்கள் சார், நம்பர் தரட்டுமா என்றேன். திமிரில் கேட்கவில்லை, நிஜமாகவே நம்பர் கொடுக்கத்தான் கேட்டேன். போனை வைத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போய் பாதியைப் புடவையில் ஊற்றிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து சார் கூப்பிட்டார். தண்டவாளத்து ஓரமாகவே நடந்து ஒரு மேட்டின்மேல் ஏறியிருக்கிறார். அவர் பின்னாலேயே, இங்கே சிக்னல் கிடைக்கிறதாம் என்று பாதி ரயில் ஏறி வந்திருக்கிறது.

"பாஸ்வேர்டு சொல்லுங்க சார்."

"சுத்தி ஜனம் கீதேம்மா."

"இருக்கட்டும் சார், சொல்லுங்க."

"விதி இன்னா சொல்லுதுன்னா..."

"சார்!"

குசுகுசு என்று சொன்னார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். கத்தினார். ஒரு எழுத்து எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் போனை வாங்கி நிதானமாக, தெளிவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். இன்றுவரை அவர் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றினேன். கோளாறு என்ன, எப்படிச் சரிசெய்தேன் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அந்தக் காலத்துக் கோளாறு இப்போது வராது, இப்போது வேறு வரும். குப்பிகள் ஒன்றும் மாறவில்லை. அது போதும்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தலையெல்லாம் தூசி. தினா என்னைப் பார்க்காமல் நேரே அவன் மேஜைக்குப் போனான். சார் என்னிடம் வந்து, "நல்லா பண்ணம்மா" என்றார். சோர்ந்து போயிருந்தார். அவரை உட்காரக்கூட விடாமல் கேட்டேன்.

"சார், லீடு போஸ்ட் எனக்கு வேணும்."

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது நேத்தே முடிவாயிட்ச்சேம்மா. தினாக்கு."

"எங்க முடிவாச்சு?"

"மாலூர் தாண்டினதும்."

நேற்று சாயங்காலம். பாஸ்வேர்டைச் சொன்ன அதே ரயிலில். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே சார்."

"நீ கேக்கலியேம்மா! உனுக்கு வோணும்னு யாருக்குத் தெரியும்? கல்யாணம் ஆயி இங்கயே செட்டில் ஆயிட்ட. உனுக்கு இன்னாத்துக்கு இந்தத் தலைவலின்னு நாங்களே நெனச்சிக்கினோம்." அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

"வேணும் சார்."

"சரிம்மா. பேசறோம்."

"எப்ப?"

"நாளைக்குக் காலைல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கே.ஆர்.புரத்துக்குப் போகாமல், நம் ஊர் ஸ்கெலட்டனில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாடி திடீர்னு? அவரோட சண்டையா?" என்றாள். காலையில் ஒரு மீட்டிங் என்றேன். "ராபர்ட்சன்பேட்டையிலயா?" என்றாள். ரயில்ல என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தனியாகப் போன் போட்டு, எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

மறுநாள் காலை கேஜில் சாரின் ஜன்னலோர சீட்டில் என் கர்சீப் கிடந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஏறினவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்துவிட்டு, தங்கள் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்தார்கள். சார் எனக்கு எதிரே உட்கார்ந்தார். காற்று வராத சீட். பங்காரப்பேட்டையில் வடை வந்தது. வடை தின்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வண்டி மறுபடி கிளம்பியது.

"பேசுங்க. தினமும் பேசறதுதான? நான் இருக்கறப்பவும் பேசுங்க" என்றேன்.

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ராத்திரியெல்லாம் அதைத் தீட்டி வைத்திருந்தேன். பழைய காப்பியைப் போடச் சொன்னதே தினாதான், நான் அவன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று முதலாளி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார், அவனையா லீடாகப் போடுகிறீர்கள்? அவன் தனியாக இறங்கிப் போய்ப் பேசியதால் மற்ற யாருக்கும் இது தெரியாது. டேக்கல் ஸ்டேஷன் தாண்டியதும் வாயைத் திறந்தேன்.

"சார், நான் ஒன்னு சொல்லணும்" என்றது நான் இல்லை. தினா.

எழுந்து நின்றிருந்தான். உட்கார்ந்து பேசியிருக்கலாம். "நேத்து அக்காவுக்குப் போன் போட்டு பழைய காப்பிய போடச் சொன்னது நான்தான் சார். நம்பர் மேட்டர் எனுக்குத் தோணவேல்ல. அக்கா கேட்டாங்க, நம்பர் இன்னா ஆவும்னு. எனுக்கு பதில் தெரில. சிக்னல் போன மாதிரி ஹலோ ஹலோன்னு சொல்லிட்டு கட் பண்ட்டேன். சிக்னல் இருந்துச்சு சார்."

சிக்னல் இருந்த விஷயம் எனக்கே தெரியாது.

"அவங்களுக்கே குடுங்க சார்" என்றான். உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு அந்தப் பதவி எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, இனிப்பும் கொடுத்தாகிவிட்டது.

சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆசைப்பட்டிருப்பார், ஆனால் ஜன்னலில் நான் இருந்தேன். "அப்போ சரி" என்றார். மாலூர் வருவதற்குள் நான் லீடு ஆகியிருந்தேன்.

லீடு ஆனதும் முதலில் இரண்டு காரியம் செய்தேன். ரயிலில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் முடிவை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்ட பிறகுதான் அது முடிவு. இரண்டாவது, டீமில் பாதிப் பேர் இந்த ரயில், பாதிப் பேர் அடுத்த ரயில். இதற்காக என்னை ஒரு மாதம் திட்டினார்கள். சீட்டாட்டத்துக்கு ஆள் போதவில்லையாம்.

தினா பின்னால் எனக்கு மேலே போனான். நான் ரிட்டயர் ஆன அன்று அந்த அரிக்கிற சால்வையைப் போர்த்தினவன் அவன்தான். எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன்.

அன்று சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன். "அன்னைக்கு கேஜ்ல ஏன்டா அப்டி எழுந்து நின்ன?"

"நீங்க சொல்லிடுவீங்கன்னு பயம்க்கா. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு."

அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். "காப்பி விஷயம் சரி. சிக்னல் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாதேடா. அதை எதுக்குச் சொன்ன?"

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தான்.

"தெரிலக்கா. ஆரம்பிச்சிட்டேன். நடுவுல எங்க நிறுத்தறதுன்னு தெரில."